தீர்மானப் புத்தகத்தில் இல்லாத பேச்சு

கூட்டத்தில் எழுந்து பேச நான் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. அதற்குத் துணிச்சல் காரணமில்லை, மாவு மில்தான் காரணம். உத்தமபாளையத்துக்குக் கிழக்கே, ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகும் வழியில் இருக்கிற எங்கள் ஊரில் இருபது வருஷமாக மில் நடத்துகிறேன். அரிசிக்கு ஒரு மிஷின், மிளகாய்க்கு ஒரு மிஷின். இரண்டும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்வதென்றாலும் கத்தித்தான் ஆக வேண்டும். ஆரம்பத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு அதுவே என் குரலாகிவிட்டது. வீட்டில் நான் சாதாரணமாகச் சோறு போடவா என்று கேட்டால்கூட அடுத்த வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள்.

மில்லில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேசாத விஷயம் கிடையாது. ரேஷன் பருப்பு, யாருக்கு ஓட்டு, நூறுநாள் வேலையில் யார் பெயர் விட்டுப்போனது, எந்தக் கட்சிக்காரர் எந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. எதிரெதிர்க் கட்சி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மிஷின் சத்தத்தையும் மிஞ்சி வாதாடுவார்கள். மாவு தயாரானதும் ஒருத்தி டின்னைத் தூக்க, மற்றவள் கைகொடுத்துத் தலையில் ஏற்றிவிடுவாள். ஏற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

கிராம சபைக்கு முதல்முதலாகப் போனது மில் தொடங்கிய இரண்டாவது வருஷம். எங்கள் தெருமுனையில் விளக்கு இல்லை. அதைக் கேட்க எழுந்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஆம்பளைக இத்தன பேரு இருக்கயில நீ என்னத்தப் பேசப்போற" என்றார். "இருட்டுல விழுந்து எந்திரிக்கிறது பொம்பளைகதான, அதத்தான் பேசப்போறேன்" என்றேன். அவர் சத்தம் போட்டார், நானும் போட்டேன். இரண்டு பேரும் முடிக்கிறவரை தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். மறுநாள் காலை அதே மனிதர் மிளகாய் மூட்டையோடு மில்லுக்கு வந்தார். மிளகாய் நெடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "லைட்டு கேட்டது சரிதான். கேட்ட தோரணைதான் சரியில்ல" என்றார். "தோரணையப் பாத்துட்டு லைட்ட மறந்துராதீக" என்றேன். ஆறு மாதத்தில் விளக்கு வந்தது.

அந்த நாட்களை நான் உயர்த்திச் சொல்ல வரவில்லை. தீர்மானங்களில் பாதி, கூட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். சில தெருக்காரர்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள், உட்காரமாட்டார்கள். பெண்கள் கொடியேற்றிக் கொடுக்கிற மிட்டாயை வாங்கியதும் கிளம்பிவிடுவார்கள். ஆனால் ஒருவர் எழுந்து வாயைத் திறந்தால், பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, அவர் முடிக்கிறவரை கேட்டுவிட்டுத்தான் ஏசுவார்கள். ஜனநாயகம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்தேன். பிறகு அது விரலில் வைக்கிற மை என்று நினைத்திருந்தேன். மில்லும் கிராம சபையும் சேர்ந்து எனக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்திருந்தன. ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து, "நீங்க சொல்றது தப்பு" என்று சொல்லலாம். மறுநாள் அதே ஆளுக்கு மாவும் அரைத்துக் கொடுக்கலாம். என் அகராதியில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

அந்தப் பொருளை நம்பித்தான் போன சுதந்திர தினத்தன்றும் எழுந்து நின்றேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றி முடித்து, சாமியானாவுக்கு அடியில் கூட்டம் தொடங்கியது. தலைவருடைய பதவிக் காலம் முடிந்து, அடுத்த தேர்தல் வராத சமயம். அதிகாரிதான் பொறுப்பு. அறுபது பேர் இருந்திருப்போம். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் பற்றிப் பேச்சு வந்தது. புதுத் தொட்டியிலிருந்து இப்போதைக்கு ஒரு கிளைதான் போட முடியும், தெற்குத் தெருவுக்கா பள்ளிவாசல் தெருவுக்கா என்று கேட்டார்கள். என் வீடு தெற்குத் தெருவில். எனக்குக் கொழுந்தன் முறை ஆகிற ஒருவர் எழுந்து, பள்ளிவாசல் தெருவில் வீட்டுக்கு வீடு போர்வெல் இருக்கிறது, அவர்கள் அதைக் குடிக்கட்டும், முதலில் நமக்குப் போடுங்கள் என்றார். அந்தத் தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, என் வீடு தெற்குத் தெருவில்தான் இருக்கிறது, எனக்கும் குழாய் வேண்டும் என்று சொல்லிவிட்டு, இப்படித் தொடர்ந்தேன். "பள்ளிவாசல் தெருவுக்கு ஆத்துத் தண்ணி வேண்டாம், அங்கன வீட்டுக்கு வீடு போர் இருக்கு, அவுக அதையே குடிச்சுக்கிறட்டும்னு சொல்றதுக்கு நாம யாருங்க? அந்த உப்புத் தண்ணிய இங்கன கொண்டாந்து வச்சா நம்மல்ல எத்தன பேரு குடிப்போம்? போட்டா ரெண்டு தெருவுக்கும் சேத்துப் போடுங்க. அது வரைக்கும் ரெண்டு பேரும் காத்திருக்கோம்."

கை தட்டினார்கள். கொழுந்தனார் சிரித்துக்கொண்டே, "மதினி மில்லு கரண்டுல பேசுறாக" என்றார். அதிகாரி குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். அன்றைக்கு எனக்கு மனசு லேசாக இருந்தது நினைவிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் பக்கத்து ஊரிலிருந்து கோதுமை அரைக்க வந்த பெண் தன் போனை நீட்டினாள். "இது நீங்கதானக்கா?" படத்தில் நான்தான். வணக்கம் சொல்கிறேன். தெற்குத் தெரு என்கிறேன். "பள்ளிவாசல் தெருவுக்கு ஆத்துத் தண்ணி வேண்டாம், அங்கன வீட்டுக்கு வீடு போர் இருக்கு, அவுக அதையே குடிச்சுக்கிறட்டும்." அதோடு நின்றுவிடுகிறது. என் வாய் திறந்தபடியே இருக்கிறது. அடியில் யாரோ எழுதியிருந்தார்கள்: துணிச்சலான தாய்.

நான் சிரித்தேன். யாரோ தெரியாமல் வெட்டிவிட்டார்கள், மீதியைப் பார்த்தால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "மீதி எங்கக்கா இருக்கு?" என்றாள்.

மூன்று நாளில் அது கம்பத்தைத் தாண்டி, தேனியைத் தாண்டி, எனக்குப் பெயர் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது. எழுத்து மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு குரூப்பில் துணிச்சலான தாய். இன்னொன்றில், தண்ணீரிலும் மதம் பார்க்கும் பாவி. என் நம்பர் எப்படியோ வெளியே போய்விட்டது. புகழ்வதற்கும் ஏசுவதற்கும் போன் வந்தது. ஏசுகிறவர்களிடம், நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன், பொய் என்றார்கள். புகழ்கிறவர்களிடமும் அதையே சொன்னேன். அவர்கள் நம்பாத விதம்தான் எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு வெளியூர்க் காரொன்று மில் வாசலில் நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் சால்வை. எனக்குப் போர்த்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம்.

"நான் அப்படிப் பேசவே இல்லைங்க. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

"பயப்படாதீங்கம்மா. உங்களை மிரட்டியிருப்பாங்க, எங்களுக்குத் தெரியும்" என்றார் அவர். குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

"யாரும் மிரட்டல. ரெண்டு தெருவுக்கும் தண்ணி குடுங்கன்னுதான் கேட்டேன்."

அவர் தன்னுடன் வந்தவரைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, எப்படிப் பேச வச்சிருக்காங்க" என்றார்.

நான் மறுக்க மறுக்க அவர்கள் கண்ணில் நான் பயந்தவளாகிக்கொண்டே போனேன். கடைசியில் மிளகாய் மிஷினைப் போட்டுவிட்டேன். தும்மிக்கொண்டே காருக்குப் போனார்கள். சால்வையை மாவு டின்களின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு நாள் அப்படியே கிடந்தது. கடைசியில் மிஷினைத் துடைக்க எடுத்துக்கொண்டேன்.

பள்ளிவாசல் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. எனக்கு வருகிற கூட்டத்தில் பாதி அந்தத் தெருதான். வியாழக்கிழமை சாயங்காலம் இடியாப்ப மாவுக்கு அரிசியோடு வரிசை நிற்கும். அந்த வாரம் வரிசை இல்லை. மிஷினை நிறுத்திவிட்டால் மில் எத்தனை அமைதியான இடம் என்பது இருபது வருஷத்தில் அன்றுதான் தெரிந்தது. கூரைத் தகரத்தில் அணில் ஓடுவதுகூடக் கேட்டது.

அடுத்த வாரம் ஒருத்தி வந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பள்ளிவாசல் தெருவிலேயே பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கையில் டின் இல்லை. உட்காரவும் இல்லை.

"நீ சொன்னியா, சொல்லலையா? அத மட்டும் சொல்லு."

"சொன்னேன். ஆனா அப்படிச் சொல்லல."

"இதென்ன பேச்சு."

"குடிச்சுக்கிறட்டும்னு சொல்றதுக்கு நாம யாருன்னு கேட்டேன். அந்தக் கேள்வியக் காணோம்."

"நான் நம்புறேன். நாப்பது வருசமா உன்னயத் தெரியும். ஆனா வீட்டுல எம் மகன்ட்ட என்னத்தக் காட்டுறது? அவன் போனக் காட்டுறான். நான் உம் மொகத்தையா காட்ட முடியும்?"

"கூட்டத்துல உங்க தெரு ஆளுக இருந்தாக. கேட்டுப் பாரு."

"கேட்டேன். அவுக சொன்னா, பெருசுகளுக்குக் காது கேக்கலங்கிறான்."

மாவை இனி உத்தமபாளையத்தில் அரைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், கோபித்துக்கொள்ளாதே என்றாள். போகும்போது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுதாளா, மாவுத் தூசிக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் போனபிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஊராட்சியில் தீர்மானப் புத்தகம் இருக்கிறதே, அதில் நான் பேசியது இருக்கும், அதைப் போட்டோ எடுத்து எல்லா குரூப்பிலும் போட்டுவிடலாம். மில்லைப் பூட்டிவிட்டு ஓடினேன். கிளார்க் தம்பி நல்ல மாதிரி. பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். குடிநீர்க் குழாய் விரிவாக்கம் குறித்து விவாதிக்கப்பட்டது, நிதி நிலைக்கேற்ப முடிவு செய்ய ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அவ்வளவுதான் இருந்தது.

"நான் பேசுனது எங்க தம்பி?"

"யாரு என்ன பேசுனாகன்னு இதுல எழுதுறது இல்லக்கா. முடிவு மட்டுந்தான்."

"ஏகமனதான்னு போட்டிருக்கே. அன்னைக்கு அங்கன ஒரு மனசாவா இருந்துச்சு?"

"அது எப்பவும் போடுறதுதான்" என்றார். அவர் மேல் தப்பில்லை. புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். என் தெருவிளக்குச் சண்டை நடந்த வருஷம் வரைக்கும் பீரோவில் புத்தகங்கள் இருந்தன. எல்லாக் கூட்டத்திலும் விவாதிக்கப்பட்டது, எல்லாவற்றிலும் ஏகமனது. இத்தனை வருஷமாக நாங்கள் தொண்டை வற்றப் பேசிய ஒரு வார்த்தையும் எங்கேயும் இல்லை. அது மனிதர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது. அப்போது அது போதுமானதாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். அதுவரை வார்த்தையை மட்டுமே கேட்டிருந்தேன். படத்தில் என் இடது கன்னம் தெரிந்தது, எனக்குப் பின்னால் கொடிக்கம்பம். அப்படித் தெரிய வேண்டுமென்றால் எடுத்தவர் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றிருக்க வேண்டும். அங்கே நின்றது யார் என்று எனக்குத் தெரியும். பேசும்போது இரண்டு தடவை அந்தப் பக்கம் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் திராட்சையும் வாழையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற சின்ன வண்டி ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் போனை வைத்தேன்.

"நான்தான் எடுத்தேன்" என்றார்.

"எடுத்து?"

"வாட்சப் ஸ்டேட்டஸ்ல வச்சேன். மார்க்கெட்டுல நாலு பேரு பாக்கட்டும், எம் பொண்டாட்டி எப்படிப் பேசுறான்னு. வீடியோ நீளமா இருந்தா தானா ரெண்டு மூணு துண்டாப் பிரிச்சிருது. எவனோ மொதத் துண்ட மட்டும் எடுத்து அனுப்பிட்டான்."

"முழுசும் எங்க?"

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். "அழிச்சுட்டேன். மறுநாள் சாயந்தரமே. எங்கிட்ட இருந்துதான் போச்சுன்னு தெரிஞ்சா என்னாகுமோன்னு பயந்துட்டேன்."

எனக்கு ஏசத் தோன்றவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பற்றிப் பெருமையாக யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று நான் குறைப்பட்டிருக்கிறேன். வாழ்நாளில் ஒருமுறை பெருமைப்பட்டிருக்கிறார். அது இப்படி ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் அதைப் பற்றிப் பேசாமல் நடமாடினோம். அவர் விடியுமுன்னே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் மில்லைத் திறந்து, யாரும் வராத வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். கடைத்தெருவுக்குப் போகக் கால் வரவில்லை. போனால் ஒரு பக்கத்தார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இன்னொரு பக்கத்தார் தேவையில்லாமல் நின்று குசலம் விசாரிப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் கூசியது.

கொழுந்தனார் ஒருநாள் வந்தார். அந்தக் 'குடிக்கட்டும்' பேச்சைத் தொடங்கியவரே அவர்தான். "நான் சொன்னத நீங்க சொன்னதாப் போட்டுட்டாக மதினி" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, "ஒரு வகையில எனக்கு நிம்மதிதான். மறைக்க மாட்டேன்" என்றார்.

"அப்ப எல்லாருக்கும் முன்னாடி வந்து சொல்லுங்க. நாந்தான் சொன்னேன், மதினி அத மறுத்துத்தான் பேசுனாகன்னு."

"சொல்லி? அடுத்து என் மூஞ்சியப் போடுவாய்ங்க. எம் மக சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம்." அவர் சொன்னதில் பொய்யில்லை. நானே அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அதைவிடப் பெரிய அடி வேறொன்று. எங்கள் மகளிர் குழுவில் ஒரு பெண், கூட்டத்தில் எனக்குப் பக்கத்துச் சேரில் உட்கார்ந்திருந்தவள். அவளிடம், "நீயாவது நாலு பேருகிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா" என்றேன். அவள் தலையாட்டினாள். "சொல்லலாந்தான். ஆனா நீயும் கொஞ்சம் அப்படித்தானக்கா சொன்ன? நல்லா ஞாபகம் இருக்கே, குடிச்சுக்கிறட்டும்னு."

"அதுக்குப் பின்னாடி?"

"பின்னாடி ஏதோ சொன்ன. கை தட்டுனோம்."

அவள் வஞ்சகமாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருமுறை கேட்டாள். போனில் ஐம்பது முறை கேட்டிருப்பாள். ஐம்பது, ஒன்றை அழித்துவிட்டது. அன்றைக்கு எனக்கு ஒரு பயம் பிடித்தது. நாளைக்கு என் ஞாபகத்திலும் அந்தத் துண்டுதான் மிஞ்சுமோ? மில்லில் தனியாக உட்கார்ந்து, நான் பேசியதை முழுசாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எழுதினால் யார் நம்பப்போகிறார்கள் என்று தெரிந்தே எழுதினேன்.

ஆவணி கடைசியில் பள்ளிவாசல் தெருப் பையன்களும் எங்கள் தெருப் பையன்களும் பஸ் ஸ்டாண்டில் கைகலந்துகொண்டார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் என்னையும் டவுனில் தாலுகா அலுவலகத்துக்குப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரரும் வந்தார், ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டார். மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. எனது பேச்சு எவர் மனதையேனும் புண்படுத்தியிருப்பின் அதற்காக வருந்துகிறேன் என்றிருந்தது. கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் என்றார் அங்கிருந்த அதிகாரி. அவருக்கும் வேறு வேலைகள் இருந்தன.

"நான் பேசாததுக்கு எப்படி வருத்தம் தெரிவிக்கிறதுங்க?"

"புண்படுத்தியிருந்தா-ன்னுதான் போட்டிருக்கு. படுத்துனதா போடல."

பள்ளிவாசல் தெருவின் மூத்தவர், அன்று கூட்டத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தாயி, நீ அப்படிச் சொல்லலன்னு எனக்குத் தெரியும். நான் கடைசி வரைக்கும் கேட்டேன். சந்தோசப்பட்டேன்."

"அப்ப அதச் சொல்லுங்க மாமா."

"சொல்லாமலா இருந்தேன். உங்கள மிரட்டிச் சொல்ல வச்சிருக்காகன்னு எங்க பயலுகளே சொல்றாய்ங்க." அவர் குரல் இறங்கியது. "ஒரு கையெழுத்துல பிள்ளைக அடங்குனா, போட்டுரு தாயி. உன்னயக் கேக்குறதுக்கு எனக்கே கூச்சமா இருக்கு."

போடாமல் இருந்தால் நான் பிடிவாதக்காரி. போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டவள். ஜன்னல் வழியே பார்த்தேன். என் வீட்டுக்காரர் தன் வண்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன். பெரியவர் என் தலையில் கை வைக்க வந்து, பாதியில் கையை இழுத்துக்கொண்டார். அவரும் யாராவது படமெடுப்பார்கள் என்று யோசித்திருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை யார் படமெடுத்தார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் அதுவும் சுற்றியது. சால்வை கொண்டுவந்தவர்களின் ஆட்கள் இப்போது என்னை விலைபோனவள் என்று எழுதினார்கள். ஏற்கெனவே ஏசியவர்கள், பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டாள் என்றார்கள். ஒரு வாரம் இரண்டு பக்கமிருந்தும் அடி. பிறகு எங்கோ வேறொரு ஊரில் வேறொருவர் ஏதோ சொன்னார். எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். ஒரே நாளில் என் போன் அடங்கிப்போனது. அந்த அமைதியில் எனக்கு ஆறுதல் வரவில்லை. என்னைப் பூட்டியவர்கள் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்துவிட்ட மாதிரி இருந்தது.

குழாய் வேலையை நிலைமை சரியாகட்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். பள்ளிவாசல் தெரு உப்புத் தண்ணீரையே குடித்தது, எங்கள் தெரு குடத்தோடு அலைந்தது. காந்தி ஜெயந்திக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. எங்கள் தெருவிலிருந்தும் அந்தத் தெருவிலிருந்தும் யாரும் குழாயைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அன்று எழுதிய ஏகமனது மட்டும் உண்மையாக இருந்திருக்கலாம்.

மார்கழியில் என் பெஞ்சுக்காரி மறுபடி வந்தாள், அரிசி டின்னோடு. ஒன்றும் நடக்காதது போல டின்னை வரிசையில் வைத்தாள். பேசினோம். அவள் மருமகள் மாசமாக இருப்பது, மழையில் இடிந்த சுவர், திராட்சை விலை. ரொம்ப நேரம் பேசினோம், சிரிக்கவும் செய்தோம். முன்பெல்லாம் அவளும் நானும் கட்சிக்காகச் சண்டை போடுவோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அன்று தேர்தல் வரப்போவதைப் பற்றி வரிசையில் யாரோ பேச்செடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டின்னைப் பார்த்தோம். அவள் திரும்பி வந்தது எனக்குப் பெரிது. ஆனால் எங்களுக்குள் ஒரு கதவு சாத்தப்பட்டுவிட்டது. அதைத் திறக்க இரண்டு பேருக்குமே பயம்.

குடியரசு தினக் கூட்டத்துக்குப் போனேன். போக வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லவில்லை. "நான் வரல" என்று மட்டும் சொன்னார். நான் எழுந்ததும் நான்கைந்து போன்கள் உயர்ந்தன. அதற்கு நான் தயாராகவே போயிருந்தேன். முதல் நாளே மில்லில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருந்தேன். எங்கே வெட்டினாலும் அர்த்தம் மாறாத மாதிரி, ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நிற்கிற மாதிரி. "குழாய் ரெண்டு தெருவுக்கும் வேணும். பள்ளிவாசல் தெருவுக்கும் வேணும். தெக்குத் தெருவுக்கும் வேணும். வேலைய உடனே தொடங்குங்க. நன்றி." உட்கார்ந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்களே, அப்படி இருந்தது. யாரும் கை தட்டவில்லை, யாரும் மறுத்துப் பேசவுமில்லை. போன்கள் இறங்கின. அதில் அவர்களுக்கு உபயோகமான ஒன்றும் இல்லை.

அதன்பிறகு நான் அப்படித்தான் பேசுகிறேன். கூட்டத்தில் மட்டுமில்லை, மில்லிலும். வீட்டில்கூட. ஒருவர் சொன்னதைச் சொல்லிக்காட்டி, அதைக் கேள்வியாகத் திருப்பி, கடைசியில் கொண்டுபோய் மறுக்கிற நீளமான பேச்சு என்னிடமிருந்து போய்விட்டது. நம் பாஷையில் ஆமாவா இல்லையா என்பது கடைசியில்தானே வருகிறது. அதுவரை காத்திருக்கிற ஆள் எதிரே இருக்கிறார் என்ற நம்பிக்கை வேண்டும்.

மாசியில் குழாய் போட்டார்கள், இரண்டு தெருவுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. யார் கேட்டார்கள் என்று யாரும் பேசுவதில்லை, எனக்கும் அது வேண்டியதில்லை.

பங்குனியில், ஓட்டுக் கேட்டு வண்டிகள் வரத் தொடங்கிய நாட்களில், என் வீட்டுக்காரர் சந்தையிலிருந்து வந்ததும் வராததுமாகப் போனை என்னிடம் நீட்டினார். அதே வீடியோ மறுபடி வந்திருந்தது. என் முகம், என் குரல், திறந்த வாய். ஆனால் அடியில் இருந்தது எங்கள் ஊர்ப் பெயரில்லை. ஏதோ தூரத்து மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் பெயர். அந்த ஊர்ப் பெண் இப்படிப் பேசினாள் என்று போட்டிருந்தார்கள்.

"நல்லதாப் போச்சு. நம்ம பேரு இல்ல" என்றார் அவர். முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிச்சி.

நான் அந்தப் பெயரை இரண்டு மூன்று முறை படித்தேன். அந்த ஊரிலும் ஒரு பள்ளிவாசல் தெரு இருக்குமா, அங்கே யாருக்குத் தண்ணீர் வரவில்லை, என் வயதில் என் சாயலில் ஒருத்தி அங்கே இருந்தால் அவள் வாசலில் இப்போது யார் வந்து நிற்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்கு எழுதிச் சொல்லலாம் என்றால் யாருக்கு எழுதுவது? சொன்னால் மட்டும் நம்புவார்களா? போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். மில்லில் மூன்று பேர் காத்திருந்தார்கள். போய் மோட்டாரைப் போட்டேன்.